கிரீனின் சரிவைப் படித்தல்

மத்ரஸா ஆசிரியர் ஒருவர் கோல்ஃபைப் பற்றி எழுதுவதா என்று புருவம் உயர்த்தும் வாசகர்கள் இருக்கக்கூடும். எங்களில் எவரும் உண்மையான கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ளுஹருக்கும் அஸருக்கும் இடையே கணினித் திரையில் ஒன்பது குழிகள் ஆடுவதோடு எங்கள் கோல்ஃப் முடிந்துவிடும். 'எங்கள்' என்பது இருவர். மூத்தவர் மத்ரஸாவில் பாடம் நடத்துபவர். இளையவன் அவருடைய மகன், பதினோராம் வகுப்பு மாணவன். மற்ற நேரங்களில் எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில் விடை தருகிற வயது அவனுக்கு. கிரீனின் சரிவைப் பற்றி மட்டும் கேட்டால் பத்து நிமிடம் பேசுவான். நாங்கள் இவ்விளையாட்டை விடாமல் வைத்திருப்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

கோல்ஃப் அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். குழியைச் சுற்றிப் புல்லை மிகக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் பரப்பே கிரீன். அங்கே பந்தைத் தூக்கி அடிப்பதில்லை, உருட்ட வேண்டும். இருநூறு கெஜம் பறந்த அடியும் ஓர் அடிதான், மூன்று அடித் தொலைவுக்கு உருட்டிய உருட்டும் ஓர் அடிதான். ஆகவே பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றும் இடத்தில்தான் ஆட்டம் கைநழுவுகிறது.

நாங்கள் ஆடும் விளையாட்டில் கிரீனின் மீது வலை போன்ற கோடுகள் விரிகின்றன. கோடுகளில் சிறு புள்ளிகள் நகர்கின்றன. புள்ளி ஓடும் திசை சரிவின் திசை. அது ஓடும் வேகம் சரிவின் கடுமை. குழி எத்தனை அடி தொலைவில் உள்ளது, எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே உள்ளது என்பதும் எழுத்தில் வந்துவிடும். இத்தனையும் கண்முன் இருந்தும் பந்து தவறுவதேன்? பெரும்பாலோர் பந்துக்கு அருகிலுள்ள புள்ளிகளையே பார்க்கிறார்கள். அவை திரையில் பெரிதாகத் தெரிகின்றன. ஆனால் பந்து புறப்படும்போது வேகமாகச் செல்கிறது. சரிவு அதை இழுப்பதற்கு அங்கே அவகாசம் குறைவு. வேகம் தளர்ந்து, பந்து குழியை நெருங்கும் கடைசிப் பகுதியில்தான் சரிவு தன் முழு வேலையையும் காட்டும். எனவே குழியருகே தொடங்கிப் பின்னோக்கிப் படித்து வர வேண்டும். முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் சரியும் இரட்டைச் சரிவுகளில் இது இன்னும் தெளிவாகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று கணக்கிடுவது இயல்பு. ஈடுசெய்வதில்லை, இரண்டாவதே ஓங்கும்.

வேகத்தையும் கோட்டையும் தனித்தனியே படிக்க இயலாது. குழியின் குறுக்களவு 4.25 அங்குலம், 1891-இல் வகுக்கப்பட்ட விதி இன்றும் மாறவில்லை. ஆயினும் விரைந்து வரும் பந்துக்கு அக்குழி சிறியது; விளிம்பைத் தொட்டுத் தாண்டிவிடும். மெதுவாக வரும் பந்துக்கு அது பெரியது. ஓரத்தில் வந்தாலும் உள்ளே சரிந்துவிடும். ஆனால் மெதுவாக வரும் பந்தைச் சரிவு அதிகமாக வளைக்கும். தவறும் பந்து குழியைத் தாண்டி ஏறத்தாழ 17 அங்குலத்தில் நிற்குமாறு உருட்டுவதே சிறந்தது என்று அமெரிக்கப் பயிற்றுநர் டேவ் பெல்ஸ் தம் சோதனைகளைக் கொண்டு கூறினார். எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணே உள்ளது.

கிரீனின் வேகத்துக்கும் ஓர் எண் உண்டு. 1935-இல் அமெரிக்காவின் ஓக்மாண்ட் திடலில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியைக் காண வந்திருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்ஸன், அங்கே பந்து கிரீனில் நில்லாமல் ஓடியதைக் கண்டு, இவ்வேகத்தை அளந்தாக வேண்டும் என்று மரத்தாலான பள்ளமிட்ட கோல் ஒன்றைச் செய்தார். 1970-களில் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்தில் திருத்தியமைத்தது. 36 அங்குல நீளமுள்ள அக்கோலின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினால், ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் பந்து தானே விடுபட்டு உருளும். எத்தனை அடி உருண்டதோ அதுவே அந்தக் கிரீனின் வேகம். ஸ்டிம்ப்மீட்டர் என்பது அதன் பெயர். எங்கள் விளையாட்டிலும் ஆட்டத்தின் தொடக்கத்தில் இவ்வெண் காட்டப்படுகிறது. அதைப் பாராமல் கடந்துபோகிறவர்களே அதிகம். அதே சரிவு 8-இல் ஒரு குழியகலம் வளைத்தால் 12-இல் அதைவிட வெகுவாக வளைக்கும்.

இந்தக் கோலைக் கையில் பிடித்தவர் எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். மகனின் மாமு அமீரகத்தில் ஒரு கோல்ஃப் திடலில் புல் பராமரிப்பு வேலை செய்கிறார். கோல்ஃப் ஆடியதே இல்லை. விடியற்காலையில் புல் வெட்டி முடித்தபின் மேற்பார்வையாளருடன் நின்று பந்தை உருட்டி அளப்பாராம். ஒரு திசையில் அளந்ததை எதிர்த்திசையிலும் அளந்து சராசரி காண்பார்களாம். தொலைபேசியில் மருமகன் சரிவைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "புள்ளியெல்லாம் அப்புறம் பாரு. ஒரு வாளித் தண்ணிய ஊத்துனா எந்தப் பக்கம் வெளிய போகும்னு மொதல்ல பாரு. தண்ணி தேங்குற மாதிரி எவனும் கிரீன் கட்ட மாட்டான்."

உண்மையான திடல்களைப் படம்பிடித்து உருவாக்கிய விளையாட்டு என்பதால் திரையிலும் இவ்விதி பொருந்துகிறது. பள்ளிவாசலில் ஒளு செய்யும் இடத்தில் சிறுவர்கள் காகிதத்துண்டை மிதக்கவிட்டு, அது எந்த மூலைக்குப் போகும் என்று சொல்லிவைத்து விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. இருவரும் தத்தம் கணிப்பை வாய்விட்டுச் சொன்ன பிறகே பந்தை உருட்ட வேண்டும்.

"அத்தா, இது வலது பக்கம் மூணு குழி."

"வேகம் எங்க கொறையுதுன்னு பாத்தியா?"

சற்று நேரம் திரையைப் பார்ப்பான். "அப்ப அஞ்சு."

தந்தை சொன்னார் என்பதற்காக அவன் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பந்து உருண்டு தீர்ப்புச் சொல்லிவிடும்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் முன்பின் அறியாத ஒருவருடன் ஆட இருவரும் நாணயங்களை முன்வைக்க வேண்டும். வென்றவர் அனைத்தையும் எடுத்துக்கொள்வார். அந்நாணயங்களைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். நாங்கள் அதில் நுழைவதில்லை. இளையவன் வாதிட்டான்: "அது இலவசமா வர்ற நாணயம், திரும்பப் பணமா மாத்தவும் முடியாதே அத்தா." அவ்வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. எனினும் இருவர் வைத்ததை ஒருவர் அள்ளிச் செல்லும் அமைப்பு சூதின் அமைப்பே. பொருளின் மதிப்புக் குறைந்தாலும் பழகும் கை அதே கைதான் என்று பேசி முடிவுக்கு வந்தோம். அதற்கு விலையும் கொடுக்கிறோம். நாணயம் சேர்ப்பவர்களுக்கு நுண்ணிய அளவுகோல் கொண்ட மட்டை கிடைக்கிறது. எங்களிடம் இருப்பது தொடக்கத்தில் தரப்பட்ட முரட்டு மட்டை. நான்கடித் தொலைவுக்கு உருட்டுவதும் அதில் சிரமம். மட்டை உதவாத இடத்தைப் படிப்பினால் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது எங்களைத் தொல்லைப்படுத்துவது கீழ்நோக்கிய குறுகிய உருட்டு. மேல்நோக்கி உருட்டும்போது சற்று அழுத்தமாக அடிக்கலாம். கோடு அதிகம் வளையாது. கீழ்நோக்கியோ தொட்டும் தொடாமலும் விட வேண்டும். அந்த மெதுவான நடையில் பக்கச்சரிவு பந்தைத் திருப்பிவிடும். வேகம் 12-க்கு மேலுள்ள கிரீன்களில் நான்கடி உருட்டு தவறிப் பத்தடிக்கு அப்பால் போய் நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டோம். இளையவன் சென்ற வாரம் குறிப்பேட்டைப் புரட்டி, தவறியவற்றில் பெரும்பாலானவை குழிக்கு மேற்புறத்திலிருந்து உருட்டியவை என்று எடுத்துக்காட்டினான். ஆகவே கிரீனுக்கு வரும் முந்தைய அடியிலேயே, குழிக்கு அருகில் போவதைக் காட்டிலும் குழிக்குக் கீழ்ப்புறத்தில் நிற்பதைக் குறிவைப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். தொலைவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. வரும் ஞாயிறு ஒன்பது குழிகளிலும் அப்படியே ஆடிப் பார்க்கவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.