ஐந்து பேர், ஒரு பில், பிரிவு 13

ப்ளஸ் டூவில் அக்கவுண்டன்சி எடுத்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு விஷயத்தைக் கரெக்டாகச் சொல்லிவிடுவார்கள். ஒப்பந்தம் எதுவும் போடாமல் சிலர் கூட்டாகத் தொழில் ஆரம்பித்தால் லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் சரி சமம். 1932-ம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 13. யார் எவ்வளவு முதல் போட்டார் என்றெல்லாம் சட்டம் கேட்காது. "முன்னாடியே பேசி வைக்கலையா? அப்போ சமம், போ!" அவ்வளவுதான்.

காலேஜ் கேங்குகள் எல்லாம் இந்தச் சட்டப்படிதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்ன, அது யாருக்கும் தெரியாது :-)

சென்னையில் ஒரு சாதாரண பி.காம் கேங்கை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர். பாடப்புத்தகக் கணக்கில் வருகிற மாதிரியே ஏ, பி, சி, டி, இ என்று வைத்துக்கொள்ளலாம். ஏ-க்கு வீட்டில் மாதம் 5,000 ரூபாய் வருகிறது. பி, சி, டி மூவருக்கும் இரண்டாயிரம், மூவாயிரம். இ அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவன். அப்படிப் படித்து காலேஜ் வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று பெண்களுக்கு 2022-ல் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. இ-யின் மொத்த பாக்கெட் மணியே அந்த ஆயிரம்தான். ஒரு நாளைக்கு 33 ரூபாய். அதில் போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், டீ எல்லாம் போக மாசக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று பி.காம் படிப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏ சொல்கிறான். "மச்சி, நாளைக்கு மால்ல படம்டா, அப்படியே சாப்பாடு." டிக்கெட், பாப்கார்ன், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 600 ரூபாய். இ சொல்கிறான். "வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு மச்சி, நீங்க போங்க."

அடுத்த தடவையும் வேலை. அதற்கடுத்த தடவை தலைவலி. நாலாவது தடவை யாரும் அவனைக் கூப்பிடுவதே இல்லை. "அவன் எங்கடா வரப் போறான்?" சண்டை இல்லை, கோபம் இல்லை. கேங்கில் இருந்து ஒரு பார்ட்னர் ரிட்டயர் ஆகிவிட்டார். நோட்டீஸும் இல்லை, கணக்கும் முடிக்கவில்லை.

இதில் யாரையும் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஏ நல்ல பையன்தான், கேட்டால் கடன்கூடக் கொடுப்பான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இடத்தை முடிவு செய்கிறவர்தான் நட்புக்கு நுழைவுக் கட்டணத்தையும் முடிவு செய்கிறார். அது அவருக்கே தெரிவதில்லை.

முன்பெல்லாம் இதற்கு ஒரு மறைப்பு இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஆளாளுக்கு டேபிள் நடுவில் பணம் போடுவார்கள். ஒருத்தர் நூறு போடுவார், ஒருத்தர் இரண்டு பத்து ரூபாயை மடித்து வைப்பார். மொத்தம் சரியாக வந்தால் போதும், யார் எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை. 2016-ல் யூபிஐ வந்தது. இப்போது ஒருத்தர் ஸ்கேன் பண்ணுகிறார், அடுத்த நிமிடம் எல்லார் போனிலும் 263 ரூபாய் 40 காசு என்று மெசேஜ் வந்து நிற்கிறது. மடித்து வைக்க இடமே இல்லை. (முதலில் ஸ்கேன் பண்ணுகிறவர் பாவம் தனி. கம்பெனிக்குக் கடன் கொடுத்த பார்ட்னருக்கு அதே பிரிவு 13-ல் 6% வட்டி உண்டு. இவருக்கு அசலே வருவதில்லை!)

சரி, என்ன செய்யலாம்? சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் சமம். ஆகவே ஒப்பந்தம் போட்டுவிட வேண்டியதுதான்.

முதல் விதி: தொகை முதலில், இடம் அப்புறம். "எங்கே போகலாம்?" என்று ஆரம்பிக்காமல் "ஆளுக்கு எவ்வளவு?" என்று ஆரம்பிப்பது.

இரண்டாவது விதிதான் முக்கியம். அந்தத் தொகையைச் சொல்ல வேண்டியவர் ஏ. "உன்னால எவ்வளவு முடியும்?" என்று நாலு பேர் நடுவில் இ-யைக் கேட்டால் அவன் இன்னும் வேகமாக வீட்டு வேலைக்கு ஓடிவிடுவான். பணம் இருக்கிறவர் "இந்த வாரம் ஆளுக்கு 100-தான் மச்சி" என்று சொன்னால் அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

மூன்றாவது விதி: அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர். ஒரு டீ குடித்தவரும் பிரியாணி சாப்பிட்டவரும் சமமாகப் பிரிப்பது கணக்கே இல்லை.

நூறு ரூபாயில் சென்னையில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். மெரினாவுக்கும் பெசன்ட் நகர் பீச்சுக்கும் டிக்கெட் இல்லை, சுண்டலுக்கு மட்டும்தான் செலவு. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஏசியில் நாள் முழுக்க உட்காரலாம், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு. செமஸ்டர் நேரத்தில் கேங்கே அங்கு குடியேறலாம். மார்கழியில் சபாக்களில் பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். பாட்டு புரியாவிட்டாலும் கேண்டீன் புரியும். பசித்தால் அம்மா உணவகம். 2013-ல் ஆரம்பித்தபோதே இட்லி 1 ரூபாய் என்று வைத்த விலை, பொங்கல் 5 ரூபாய். ஆளுக்கு நாலு இட்லி, ஒரு பொங்கல் என்றால் ஐந்து பேருக்கும் சேர்த்தே 45 ரூபாய்தான். போகவர பஸ். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதம் டிக்கெட் இல்லை என்று ஆனதில் இருந்து பையன்கள் டிக்கெட் எடுக்கும்போது தோழிகள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது தனி.

இதற்காக மால் பக்கமே போகக் கூடாது என்றில்லை. ஆளுக்கு மாதம் 50 ரூபாய் தனியாகப் போட்டு வந்தால் ஆறு மாதத்தில் ஐந்து பேரிடமும் சேர்த்து 1,500 ரூபாய். பெரிய ஹீரோ படம் வரும்போது ஐந்து டிக்கெட்டுக்குத் தாராளம். பாப்கார்ன் மட்டும் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கொஞ்ச நாளாகவே "வீட்ல வேலை இருக்கு" என்று சொல்லும் ஒருத்தர் உங்கள் கேங்கிலும் இருப்பார். "நாளைக்கு மெரினா, ஆளுக்கு 50 ரூபாய்" என்று ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே வீட்டில் வேலை இருந்ததா என்று அப்போது தெரிந்துவிடும்.