மகளின் பரீட்சையும் நான் படித்த பாடமும்



உங்கள் வீட்டிலும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். இருந்தால், இன்றிரவு அந்தப் பிள்ளை புத்தகத்தோடு இருக்கும்போது சற்று நின்று பாருங்கள். எத்தனை மணித்தியாலம் இருக்கிறாள் என்பதை அல்ல, பக்கம் புரளுகிறதா என்பதைப் பாருங்கள். நான் அதைப் பார்க்கத் தவறியவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மூத்த மகள் 2022ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் தோற்றினாள். பரீட்சை உண்மையில் நடந்ததோ 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும். அந்த வருடத்துப் பிள்ளைகள் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. எங்கள் ஊர் மாவனல்லை. மகள் சனி, ஞாயிறுகளில் கண்டிக்கு வகுப்புக்குப் போவாள். சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டால், கடுகண்ணாவ ஏற்றம் முழுவதும் பஸ்ஸில் நின்றபடியே போய், மஃரிபுக்குத்தான் வீடு வருவாள். டீசல் இல்லாத நாட்களில் அந்தப் பஸ்ஸும் இல்லை.

பல்கலைக்கழகம் புக நல்ல சித்தி மட்டும் போதாது என்பது உங்களுக்குத் தெரியும். 2001இல் வந்த இஸட் புள்ளி முறையில், தசம தானத்தில் வரும் சிறு வித்தியாசமும் மருத்துவ பீடத்தின் கதவை மூடிவிடும். அந்தப் பயம் பிள்ளைக்கு இருந்தது. பிள்ளையை விட எனக்கு இருந்தது.

நான் ஒரு கொப்பி வாங்கினேன். மகள் மேசைக்குப் போகும் நேரம், எழும்பும் நேரம் எல்லாவற்றையும் அதில் எழுதினேன். பத்து மணித்தியாலம் வந்தால் மகிழ்ச்சி, பன்னிரண்டு வந்தால் பெருமை. கலியாண வீடுகளில் மற்றத் தாய்மாரிடம் அந்தக் கணக்கைச் சொல்லவும் செய்தேன். அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும், தூங்கி விழுந்தால் தட்டி எழுப்புவதும் என் கடமை என்று எண்ணியிருந்தேன்.

அடையாளங்கள் தெரியாமல் இல்லை. நன்றாகச் சாப்பிடும் பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தங்கச்சி ஒரு பேனையை எடுத்ததற்குக் கத்தினாள். அடிக்கடி தலையிடி என்றாள். படுத்தாலும் தூக்கமில்லை, எழும்பினாலும் தெளிவில்லை. "சோம்பல்தான், கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்க" என்றார் என் மாமி. நானும் இறுக்கினேன்.

2022 செப்டெம்பரில் ஒரு நாள் மகள் இரசாயனவியல் கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்தாள். முந்திய மாசியில் செய்த அதே பல்தேர்வு வினாத்தாள்தான். அன்று 50க்கு 38 எடுத்தவள், ஏழு மாதம் படித்த பின் 24 எடுத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு நேரமும் என்ன படிச்சீங்க மகள்?" என்று கேட்டேன். அவள் அழவில்லை.

"நான் படிக்கல்ல உம்மா. நீங்க கொப்பியில எழுதுறீங்களே, அதுக்குத்தான் மேசையடியில ஈக்கிறேன்" என்றாள்.

சகோதரிகளே, அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவளது வகுப்பாசிரியையைப் போய்ச் சந்தித்தேன். அனுபவமுள்ளவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பிள்ளை சோம்பேறி இல்லை, தீர்ந்துபோய்விட்டாள்" என்றார். மின்வெட்டு இரவுகளில் எங்கள் மேசையில் இருந்த குப்பி விளக்குதான் என் நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெய் இருக்கும்வரை எண்ணெய் எரியும். தீர்ந்தபின் திரியே கருகும். திரியைத் தூண்டிவிட்டால் வெளிச்சம் வராது, புகைதான் வரும். நான் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் 'பேர்ன் அவுட்' என்று பெயர். எரிந்து தீர்வது என்று பொருள். 1974இல் ஹேர்பேர்ட் புரொய்டென்பேர்கர் என்ற உளவியலாளர், நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையத்தில் பாடுபட்டு ஓய்ந்துபோன தொண்டர்களைப் பற்றி இப்படி எழுதினார். ஓயாமல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் பதித்துக்கொள்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது, நாற்று நட்டுவிட்டு வயலுக்குத் தண்ணீரை அடைப்பது போன்றது.

ஐந்து நாட்கள் புத்தகமே தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். "பரீட்சைக்கு நாலு மாசம்தான் ஈக்கிது, இப்ப லீவா?" என்று அவளது வாப்பா தயங்கினார். வினாத்தாள் இரண்டையும் காட்டினேன். அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாளும் மகள் தூங்கினாள். மூன்றாம் நாள் குசினிக்கு வந்து, கேட்காமலே திருவலையில் அமர்ந்து தேங்காய் திருவினாள். தங்கச்சி ஏதோ சொல்ல, சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பிறகு ஒழுங்கை மாற்றினோம். இரவு பத்தரைக்கு விளக்கு அணையும். ஒரு தடவைக்கு முக்கால் மணித்தியாலம் படிப்பாள். பிறகு புத்தகத்தை மூடி, நினைவில் நின்றதை வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பாள். வராததை மட்டும் திரும்பப் படிப்பாள். திரும்பத் திரும்ப வாசிப்பதை விட இது நன்றாகப் பதியும் என்று ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். அஸருக்குப் பின் என்னோடு உம்மும்மா வீடு வரை நடப்பாள். அந்த நடையில் பரீட்சைப் பேச்சு இல்லை. கடினமாக இருந்தது என் வாயைக் கட்டுவதுதான். கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சோர்வு இப்படியும் நீங்காவிட்டால், பிள்ளை எந்நேரமும் அழுதால், "நான் இருந்து என்ன பயன்" என்று பேசினால், தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு நாம் வெட்கப்படுவதில்லையே.

மகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். பீ ஒன்று, சீ இரண்டு. மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை தோற்ற இடமிருந்தும் அவள் விரும்பவில்லை. இன்று விஞ்ஞான பீடத்தில் விருப்பத்தோடு படிக்கிறாள். முன்பே விழித்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்குமோ என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. ஆனால் பரீட்சைக்கு முந்திய இரவு அவள் பத்தரைக்கே தூங்கிவிட்டாள். விழித்திருந்தது நான்தான்.

இப்போது சின்ன மகள் உயர்தரம் படிக்கிறாள். பழைய கொப்பியில் மிச்சமிருந்த பக்கங்களில் அவள் இரசாயனச் சமன்பாடுகளை எழுதிப் பார்க்கிறாள். அவள் எத்தனை மணித்தியாலம் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. காலையில் எழும்பி வரும்போது முகத்தைப் பார்க்கிறேன். தெளிவாக இருந்தால் போதும்.

நீங்களும் பாருங்கள் சகோதரிகளே.