வாஸ், வேர், கூட ஒரு ஐஎன்ஜி

பாஸ்ட் கன்டினியூயஸ் டென்ஸ் என்றாலே ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், போன் அடிக்கும். எத்தனை வருஷமாகத்தான் குளிப்பாரோ! எனக்கு அது புரிந்தது எண்ணூர் கப்பல் விபத்தை வைத்துத்தான்.

2017 ஜனவரி 28, விடியற்காலை. காமராஜர் துறைமுகத்திலிருந்து பி.டபிள்யூ. மேப்பிள் வெளியே போய்க்கொண்டிருந்தது: வாஸ் லீவிங். டான் காஞ்சிபுரம் உள்ளே வந்துகொண்டிருந்தது: வாஸ் கமிங். மோதின. இங்கே மட்டும் சிம்பிள் பாஸ்ட். சரி, 'கொண்டிருந்தது' வந்தால் வாஸ் போட்டு ஐஎன்ஜி சேர்த்தால் முடிந்தது என்று நினைத்தேன்.

எர்ணாவூர்ப் பாறைகளில் எண்ணெய் ஒதுங்கியபோது பக்கெட்டில் அள்ளியவர்களில் எங்க மாமாவும் ஒருவர். 'மாமா பாறைமேல் நின்றிருந்தார்' என்பதை 'ஹேட் ஸ்டுட்' என்று எழுதினேன். மார்க் போச்சு! 'வாஸ் ஸ்டாண்டிங்' வரணுமாம். யோசித்தால் நியாயம்தான். நின்றிருந்தார், உட்கார்ந்திருந்தார், படுத்திருந்தார்... தமிழில் 'கொண்டு' இல்லாமலே வேலை தொடர்கிறது. ஆனால் 'தெரிந்திருந்தது' என்பதை அப்படிச் செய்யாதீங்க, 'வாஸ் நோயிங்' கிடையாது.

அன்று ராத்திரி மாமா கைக்கறையை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தை சாப்பிடக் கூப்பிட்டார். புத்தகக் கணக்குப்படி வேலை அங்கே நின்றிருக்க வேண்டும். மாமா தேய்த்துக்கொண்டேதான் இருந்தார்.