40 வளைவு தாண்டி அம்மா வீட்டுக்கு

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, வால்பாறையிலிருந்து பொள்ளாச்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். 64 கிலோமீட்டர்தான், ஆனால் 40 கொண்டை ஊசி வளைவுகள்! டாக்டர் சரி என்ற பிறகே புறப்பட்டோம். வெறும் வயிறு குமட்டும் என்று இரண்டு இட்லி சாப்பிட்டேன். காரில் சீட் பெல்ட்டை வயிற்றுக்கு மேலே போடாமல், அடிவயிற்றுக்குக் கீழே இடுப்போடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.

பாதி இறக்கத்தில் வயிறு கல்லாக இறுகியது. இவர் முகம் வெளுத்துவிட்டது. கீழிருந்து ஒன்பதாவது வளைவான லோம்ஸ் வியூவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்தேன். இறுக்கம் விடாவிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான் என்று முடிவு செய்திருந்தோம். கீழே ஆழியாறு அணை மின்னியது. கொஞ்ச நேரத்தில் வயிறு இளகியது. குரங்கு அருவியைத் தாண்டும்போது உள்ளே ஓர் உதை. "அம்மாயி வீட்டுக்கு அவசரம்போல" என்றார் இவர்.