மூணு நாய், மூணு ஊர், எத்தனை ஊசி?

எங்கள் குடும்பத்தில் இப்போது மொத்தம் மூன்று நாய்கள். குமுளியில் அப்பா அம்மாவோடு இருக்கும் மணி. கொழிஞ்சாம்பாறையில் தங்கச்சி வீட்டுக்குப் புதுசாக வந்திருக்கும் லேப்ரடார் குட்டி சிம்பா. அப்புறம் இங்கே இங்கிலாந்தில் என் மகள் ஒரு வருஷம் அடம்பிடித்து வாங்கவைத்த கோக்கோ. குமுளி இடுக்கி மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டம். இரண்டும் கேரளா, இரண்டு வீட்டிலும் தமிழ். நாய்களுக்கு மட்டும் இரண்டு பாஷையும் தெரியும் :)

போன மாதம் தங்கச்சி சிம்பாவின் ஊசி அட்டையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். பார்வோ, செவன் இன் ஒன், நைன் இன் ஒன், கொரோனா, கெனல் காஃப், ரேபிஸ் என்று அட்டை நிறையக் கட்டங்கள்.

"அண்ணே, இம்புட்டும் வேணுமா? வருசா வருசமா?"

அப்பாவிடம் கேட்டால் அவர் நேர் எதிர். "பேவிஷ ஊசி ஒண்ணு போதும் தம்பி. மத்ததெல்லாம் பணக்காரங்க வீட்டு நாய்க்கு."

நான் ஆபீசில் ஆணி பிடுங்குகிறவன், மாட்டு டாக்டர் இல்லை. ஆனால் கோக்கோவின் டாக்டரைக் கேட்டேன், தேனிப் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கும் பள்ளித் தோழனைக் கேட்டேன், உலகச் சிறு விலங்குக் கால்நடை மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ("நம்ம புள்ளைங்க ஊசிக்கு இவ்வளவு படிச்சீங்களா?" என்றார் தங்கமணி. பதில் சொல்லவில்லை.)

முதலில் ஆச்சரியப்பட்டது இது. கோக்கோவின் அட்டையில் ரேபிஸே கிடையாது! பிரிட்டனில் உள்ளூர் ரேபிஸ் 1922-லேயே ஒழிந்துவிட்டது. வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனால்தான் அந்த ஊசி. ஆக, இங்குள்ள பட்டியலை அப்படியே ஊருக்கு அனுப்பினால் முதலில் விட்டுப்போவது எது பாருங்கள். ஊரில் உயிரைக் காப்பதே அதுதான். நாய்க்கு எந்த ஊசி என்பது அது எந்த இனம், எவ்வளவு விலை என்பதைப் பொறுத்ததில்லை, அது மூக்கை நுழைக்கிற ஊரைப் பொறுத்தது.

ரேபிஸ் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உலகத்தில் வருஷத்துக்கு சுமார் 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்பது மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மனிதர்களுக்கு வருவதில் 99 சதவீதம் நாய் மூலமாகத்தான். அறிகுறி தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் வைத்தியமே இல்லை.

2022 ஜூனில் பாலக்காடு மாவட்டம் மங்கரையில் ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனது ஞாபகம் இருக்கும். கடித்தது தெருநாய் இல்லை, பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய். அந்தப் பெண் ஊசிகளையும் முறையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கடித்த காயம் ஆழமாக இருந்தது என்று அப்போது சொன்னார்கள். அந்த வருஷம் கேரளாவில் இப்படி அடுத்தடுத்துச் சாவுகள் வந்து, மருந்தே சரியில்லையோ என்று ஊரெல்லாம் பேச்சு. கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்தில் சோதித்து, மருந்து தரமானது என்று முடிவு வந்தது. கொழிஞ்சாம்பாறையில் தங்கச்சி வாரக்கணக்கில் பிள்ளைகளை வாசலில் விளையாடவே விடவில்லை.

எனக்கு அதிலிருந்து புரிந்தது ஒன்று. கடிபட்ட மனுஷனுக்குப் போடுகிற ஊசி இரண்டாவது கதவு. ரொம்ப நல்ல கதவு, ஆனால் எப்போதாவது ஒன்று மீறி வந்துவிடுகிறது. முதல் கதவு நாய்க்குப் போடுகிற ஊசி. ஒரு ஊரில் 70 சதவீத நாய்களுக்குப் போட்டுவிட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறார்கள். நம் வீட்டு நாயும் அந்தக் கணக்கில் ஒன்று.

எங்கள் தலைமுறைக்கு நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசிதான். அந்த மருந்தை ஆட்டு மூளையிலிருந்து செய்தார்கள். குன்னூரில் 1907-இல் வந்த பாஸ்டர் நிலையத்தைப் பற்றி அப்பா பயபக்தியோடு பேசுவார், அங்கே தயாரான மருந்துதான் எங்கள் பக்கமெல்லாம் வரும். 2004 கடைசியில் அந்தப் பழைய மருந்தை இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான் ஊசி, எண்ணிக்கையும் குறைவு. பதினாலு ஊசி பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாமல் மிளகாய்ப்பொடியைக் காயத்தில் அப்பிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லிவையுங்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு, அவ்வளவுதான்.

எனவே ரேபிஸ் ஊசியில் அப்பா சொன்னது சரி. மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் பூஸ்டர், பிறகு வருஷா வருஷம். சில மருந்துகள் மூன்று வருஷம் தாங்கும் என்று வெளிநாட்டில் அனுமதி உண்டுதான். ஆனால் கேரளாவில் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும் (1998-லேயே வந்த விதி), அதற்கு ஊசி சர்டிபிகேட் வேண்டும். வருஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மணிக்கு இது மாட்டாஸ்பத்திரியிலேயே முடிந்துவிடுகிறது.

"அது ஒண்ணு போதும்" என்பதில்தான் நான் அப்பாவோடு சண்டை போட்டேன். மணிக்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்த இரண்டு குட்டிகள் ரத்தமாகக் கழிந்து மூன்று நாளில் செத்தன. அப்போது "வயித்துக் கடுப்பு" என்று சொல்லிப் புதைத்தோம். அது பார்வோ என்றுதான் தோழன் சொல்கிறான். பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரலைத் தாக்குகிற அடினோ வைரஸ், இந்த மூன்றும் எந்த ஊர் நாய்க்கும் கட்டாயம். செவன் இன் ஒன், நைன் இன் ஒன் எதுவானாலும் அதற்குள் இந்த மூன்றும் இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கிறவரை ஊசி மருந்தை அது அடித்துத் தள்ளிவிடும். எப்போது அது தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறெட்டு வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசி 16 வாரம் ஆனபின் விழ வேண்டும். நம்மூரில் நிறையப் பேர் பன்னிரண்டு வாரத்தோடு "கோர்ஸ் முடிஞ்சுது" என்று நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் ஊசி போட்டும் செத்துப்போச்சு என்று டாக்டரைத் திட்டுகிறார்கள். ஆறு மாதம் முடிந்தபின் இன்னொன்று போட்டுவிட்டால், அதற்கப்புறம் இந்த மூன்றுக்கும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும். தங்கச்சியின் "வருசா வருசமா?" கேள்விக்கு இங்கே பதில் "இல்லம்மா".

டிஸ்டெம்பர் விஷயத்தில் குமுளிக்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பெரியாறு புலிகள் காப்பகம் கூப்பிடு தூரம். மணி ஏலத்தோட்டம் வழியாகச் சுற்றுகிறவன், செந்நாய் நடமாடும் பக்கம் அவனும் நடமாடுவான். 2018 செப்டம்பரில் குஜராத் கிர் காட்டில் சில வாரங்களில் 23 சிங்கங்கள் இறந்தனவே, அவற்றில் சிலவற்றுக்கு இந்த டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது உறுதியானது. அப்பாவை மசியவைத்தது இதுதான். பணக்கார நாய் என்றால் கேட்கமாட்டார், காடு என்றால் கேட்பார்.

அடுத்தது எலிக்காய்ச்சல். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் இது மனிதர்களிடம் பட்ட பாடு தெரிந்ததுதான், "எலிப்பனி" என்ற வார்த்தையைக் கேட்டாலே அம்மாவுக்குப் பயம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நாய் இறங்கினால் நாய்க்கு வரும், நாயின் மூத்திரத்திலிருந்து அதைக் கழுவிவிடுகிற ஆளுக்கு வரும். குமுளி வீட்டில் கழுவிவிடுகிற ஆள் அம்மா. மழை, ஓடை, ஏலத்தோட்டத்து எலி என்று மணிக்கு எல்லாம் உண்டு, ஆகவே அவனுக்கு வருஷா வருஷம் வேண்டும், இந்த மருந்தின் பலம் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காது. கொழிஞ்சாம்பாறை காய்ந்த பூமி. ஆனாலும் பக்கத்தில் வாய்க்காலும் வயலும் இருக்கிறதே, சிம்பாவுக்கும் போடச் சொன்னேன். தனி மருந்தாகக் கிடைக்காவிட்டால் சேர்ந்ததையே போட்டுக்கொள்ளலாம், கெடுதல் இல்லை என்றான் தோழன்.

மிச்சம் இரண்டு. நாய்க் கொரோனா ஊசியை (நம்மைப் படுத்தியது வேறு, இது வேறு) அந்த வழிகாட்டியே பரிந்துரைக்கவில்லை. கெனல் காஃப், நாயை விடுதியில் விடுகிறவர்களுக்கு. நாங்கள் லீவுக்குப் போனால் கோக்கோ விடுதிக்குப் போகிறாள், அவளுக்குப் போடுகிறோம். சிம்பா எங்கும் போவதில்லை, அட்டையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்றேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். மருந்துக் கடையில் நாமே வாங்கிக்கொண்டு போகிற வழக்கம் அங்கே உண்டு. இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஆட்டிக்கொண்டு பஸ்ஸில் போனால் போட்டும் பயனில்லை. பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுபோங்கள், குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இன்னொரு கணக்கு. கோடை லீவுக்கு ஊருக்குப் போகிற நம் பிள்ளைகளுக்குத் தெருநாய், வீட்டுநாய் பேதமே தெரியாது, எல்லாமே கோக்கோதான். இங்கே பயணத்துக்கு முந்தைய ரேபிஸ் ஊசி கிடைக்கிறது, நாலு வாரம் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். போட்டுக்கொண்டால் கடிபட்டபின் ஊசியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது, ஊசிகளும் குறையும். அந்த இம்யூனோகுளோபுலின்தான் சின்ன ஊர்களில் தேடி அலைய வேண்டிய சமாச்சாரம். மகளுக்கு ஜூன் முதல் வாரம் நாள் குறித்தாயிற்று. கையில் ஊசியா என்று இப்போதே முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள். தாத்தாவிடம் பதினாலு ஊசிக் கதையைக் கேள் என்று போனைக் கொடுத்துவிட்டேன்.