இரண்டாம் பரிசு பெற்ற பாடகர்

திருக்காளத்தியிலிருந்து நெல்லூருக்குச் செல்லும் சாலை, நாயுடுபேட்டையில் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையோடு கூடுகிறது. தேவாரம் முகலி என்று பாடும் சுவர்ணமுகி ஆறும் இவ்வூரைக் கடந்தே கடலை நோக்கிப் போகிறது. நெல்லூரில் வீடு, திருக்காளத்தியில் பள்ளி, திருப்பதியில் புகுமுக வகுப்பு என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் இளமை இந்த வழித்தடத்தில் கழிந்தது.

தந்தை சாம்பமூர்த்தி ஹரிகதைக் கலைஞர். ஆயினும் மகன் பாடகனாக வேண்டும் என்ற கனவு அவ்வீட்டில் இல்லை. பொறியாளராக வேண்டும் என்பதே மகனின் விருப்பமும். அனந்தபூரில் பொறியியல் சேர்ந்தார். டைபாய்டு காய்ச்சல் அதைப் பாதியில் நிறுத்தியது. பிறகு சென்னைக்கு வந்து ஏ.எம்.ஐ.இ. படித்தார்.

நாயுடுபேட்டைக்குச் சற்று வடக்கே உள்ள கூடூரில், அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த எஸ். ஜானகி, முதற்பரிசுக்கு உரியவர் இவரே என்று சொல்லி, திரைப்படத்தில் பாட முயலுமாறு கூறிச் சென்றார். முறையாகச் சங்கீதம் பயிலாத தனக்கு அது எப்படி இயலும் என்பதே அந்த இளைஞரின் மறுமொழி. ஜானகியும் முறையான பயிற்சி அதிகம் பெற்றவரல்லர் என்பதை அவர் அப்போது எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

1964-இல் சென்னையில் மற்றொரு போட்டி. அங்கே முதற்பரிசு. அதில் அவரைக் கண்டுகொண்ட இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணி, 1966-இல் தெலுங்கில் முதல் பாடலைக் கொடுத்தார். தமிழ் அவ்வளவு எளிதில் கதவைத் திறக்கவில்லை. குரல் பிடித்திருந்தும், தமிழ் உச்சரிப்பைச் செம்மை செய்துகொண்டு வருமாறு எம்.எஸ். விஸ்வநாதன் அனுப்பிவிட்டார். பின்னர் அவர் இசையில் பாடிய 'ஹோட்டல் ரம்பா' வெளிவரவே இல்லை. 'அடிமைப் பெண்' வாய்ப்பு வந்த நேரத்தில் மீண்டும் காய்ச்சல். எம்.ஜி.ஆர். வேறொருவரைப் பாடவைக்காமல் அவர் குணமாகும்வரை காத்திருந்தார். இந்தக் கதையை எம்.ஜி.ஆரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே பலரும் சொல்வர், அது உண்மையே. ஆனால் படுக்கையில் கிடந்த அந்த இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞரின் மனநிலையை எவரும் அதிகம் பேசுவதில்லை. படிப்பைப் பறித்த நோய் பாட்டையும் பறிக்கப் போகிறது என்றுதானே அவர் எண்ணியிருப்பார்!

"எனக்குச் சங்கீதம் தெரியாது" என்ற பொருளில் அவர் வாழ்நாள் முழுதும் பேசிவந்தார். அதை அவையடக்கம் என்று ரசிகர்கள் கொண்டாடினர். அவர் அதை மனமார நம்பியே சொன்னார் என்று கொள்வதே பொருத்தம். ஹரிகதை ஒலித்த வீட்டில் வளர்ந்தவருக்குத் தம்மிடம் இல்லாதது எதுவென்று துல்லியமாகத் தெரியும்.

அந்த ஐயம் உச்சத்தை எட்டியது 'சங்கராபரணம்' படத்தில். கதாநாயகனே கர்நாடக இசை மேதை. பாலமுரளிகிருஷ்ணா பாட வேண்டிய பாடல்கள் என்று முதலில் எண்ணப்பட்டவை அவை. பாலசுப்ரமணியம் தயங்கினார். கே.வி. மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி அவரை விடவில்லை. பாடல்களைச் சொல்லிக்கொடுத்துப் பயிற்றுவித்தார். 1980-இல் வெளிவந்த அப்படம் தமிழ்நாட்டிலும் தெலுங்கிலேயே ஓடியது. அவருக்கு முதல் தேசிய விருதையும் தந்தது. விருது வந்தபின் ஐயம் தீர்ந்ததா என்றால், இல்லை. முறையாகப் பயிலவில்லையே என்ற வருத்தம் இறுதிவரை அவரிடம் இருந்தது.

அடுத்து இந்தியில் 'ஏக் தூஜே கே லியே'. ஒரு தென்னிந்தியரின் இந்தி உச்சரிப்பு எடுபடுமா என்று இசையமைப்பாளர்கள் லட்சுமிகாந்த்–பியாரேலால் தயங்கினர். நாயகனே இந்தி சரியாக வராத தமிழ் இளைஞன்தானே என்று கே. பாலசந்தர் வாதாடினார். குறை என்று கருதப்பட்டதே அங்கு தகுதியாகிவிட்டது! அப்பாடல்களுக்கும் தேசிய விருது கிடைத்தது.

சென்னையில் அவர் அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கோதண்டபாணியின் பெயரையே சூட்டினார். எந்த மொழிப் பாடலாயினும், ஒலிப்பதிவுக்கு முன் அதன் வரிகளைத் தம் கையால் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். இன்றைய தெலுங்கு நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. ஒவ்வொரு தமிழ்ப் பாட்டிலும், தாளில் இல்லாத அந்த ஓர் ஒலியை அவர் நினைவிலிருந்தே எடுத்துப் பாட வேண்டியிருந்தது.