கரி பிடித்த சாவி

தாத்தாவின் நெல் பெட்டியில் தொங்கிய மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி தொலைந்து பத்து வருஷமாகிறது. நாதாங்கியோடு பெயர்த்து எடுத்து எங்கள் ஊர்ச் சாவிக்கடையில் கொடுத்தேன். கடைக்காரர் தன் மெஷினைக் காட்டி, "ஒரிஜினல் சாவி இருந்தாத்தான் சார் காப்பி போடலாம்" என்றார். இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? பூட்டு பிறந்த ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்று திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

நாகல் நகர்ப் பக்கம் விசாரித்துப் போனால், பட்டறை என்று பெரிதாக எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அரம் உராயும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். உள்ளே வைஸில் ஒரு கொண்டியைக் கவ்வவைத்து ராவிக்கொண்டிருந்த பெரியவருக்கு எழுபதுக்கு மேலிருக்கும். பூட்டை வாங்கியவர் பார்க்கவில்லை. காதருகே வைத்து இரண்டு தரம் குலுக்கினார்.

"ஆறு லீவர். ஒண்ணு சொகமில்ல. உக்காருங்க தம்பி."

சாவி வெட்டுவதற்கு முன் சிம்னி விளக்கை ஏற்றியதுதான் எனக்குப் புரியவில்லை. பல் வெட்டாத மொட்டைச் சாவி ஒன்றை அதன் சுடரில் காட்டினார். சாவி முகமெல்லாம் கரி. பூட்டுக்குள் நுழைத்து, முட்டும்வரை மெல்லத் திருப்பி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கரியில் மெலிதாக இரண்டு கோடுகள் பளபளத்தன. உள்ளே லீவர் உரசிய இடம். அங்கே மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி சுடர், மறுபடி துவாரம், மறுபடி வெளிச்சம்.

ஒவ்வொரு லீவரும் ஒரு சின்னத் தகடு. அதை ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் பல் அதைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகட்டின் வெட்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். ஒன்று மயிரிழை தாழ்ந்தாலும் திறக்காது, உயர்ந்தாலும் திறக்காது. அதனால் அரம் ஒரு இழுப்பு கூடிவிட்டால் அந்தச் சாவி குப்பைக்குத்தான். ஒரு முறை அப்படித்தான் ஆனது. பெரியவர் என்னை முறைத்தார். நான்தான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கையால் ராவிய இரண்டு பூட்டு ஒன்றுபோல் இருக்காது. மற்ற எந்தச் சாமானுக்கும் அது குறை. பூட்டுக்கு அதுதான் காவல். அச்சில் ஆயிரக்கணக்கில் விழும் பூட்டுகளில் எங்கேயோ ஒன்றின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்திவிட வாய்ப்பு உண்டு. ஆனால் கடையில் பூட்டு வாங்குகிறவர்கள் இதையா யோசிக்கிறோம்? விலையைக் கேட்கிறோம். அலிகார் பூட்டு மலிவு. அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

"ஏன் இந்த ஊர்ல மட்டும் இந்தத் தொழில்?" என்றேன்.

"தண்ணி இருந்திருந்தா வெவசாயம் பாத்திருப்போம்."

அவர் சின்ன வயதில் தெருவே இந்தச் சத்தத்தில்தான் விடியுமாம். ஒரு வீட்டில் கொண்டி, ஒரு வீட்டில் லீவர், இன்னொரு வீட்டில் சாவி. கூலி அன்றும் உருப்படிக் கணக்கு, இன்றும் அதே. சாவி திருப்பினால் மணியடிக்கும் பூட்டெல்லாம் செய்திருக்கிறார். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே என்று கேட்டேன். போட்டோ எடுக்க நிறைய பேர் வந்தார்களாம். இனி வேறூர்ப் பூட்டைத் திண்டுக்கல் பூட்டென்று சொல்லி விற்க முடியாது, நல்ல விஷயந்தான். ஆனால் அவர் மகன் மில்லுக்குப் போகிறான், பேரன் கோயம்புத்தூரில் படிக்கிறான். குறியீட்டைக் காப்பாற்ற இந்த அறையில் இன்னும் எத்தனை வருஷத்துக்கு அரச் சத்தம் கேட்கும் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பேச்சை நிறுத்திவிட்டு சாவியைத் திருப்பினார். 'டொக்'கென்று கொண்டி எகிறியது. அவர் மடியில் ஒரு கைப்பிடி துருத்தூள் கொட்டியது. அதை உதறிக்கொண்டே துவாரத்தின் உள்விளிம்பை விரலால் தடவியவர், "இது எடக்கைக்காரன் வேலை. அரம் சாய்ஞ்சிருக்கு பாத்தீங்களா" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டினேன்.

கூலி இருநூறு என்றார். முந்நூறு கொடுத்தேன். மிச்சத்தை மறுத்துவிடுவார் என்று மனசுக்குள் ஒரு கட்டுரை ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நோட்டையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வீட்ல வேற பூட்டு இருந்தா, சாவியத் தொலைச்சிட்டு எடுத்துட்டு வாங்க தம்பி."